அலையாத்திக் காடும் நம் வாழ்வும்: பிச்சாவரத்தை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவரங்கள் மனித வாழ்வுக்கு ஏன் இன்றியமையாதவை என்று கேட்டால், உணவு, காற்று, மருந்து, நிழல் என்று நாம் எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்த விடையைச் சொல்லிவிடுவோம். அந்த விடை சரியானதே. ஆயினும் ஒரு குறிப்பிட்ட காட்டின் ஓரத்தில் நின்று, அங்கே வாழும் மக்களுக்கு அது என்ன செய்கிறது என்று பார்க்கும்போதுதான் அந்த விடையின் முழுக் கனமும் விளங்குகிறது. அதனால் இங்குள்ள கேள்விகள் பெரும்பாலும் சிதம்பரத்துக்கு அருகிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டைச் சுற்றியே அமைந்துள்ளன.

அலையாத்திக் காடு என்றால் என்ன? அப்பெயர் எப்படி வந்தது?

ஆறும் கடலும் கலக்கும் கழிமுகங்களில், ஓதம் (நாள்தோறும் ஏறி இறங்கும் கடல்நீர்) ஏறும்போது நீரில் நின்றும் இறங்கும்போது சேற்றில் நின்றும் வாழப் பழகிக்கொண்ட மரஞ்செடிகளின் கூட்டத்தையே அலையாத்திக் காடு என்கிறோம். அலையை ஆற்றுகிற, அதாவது தணிக்கிற காடு என்பது அப்பெயரின் பொருள். 'ஆற்றி' என்பது பேச்சு வழக்கில் 'ஆத்தி' ஆயிற்று. இக்காட்டின் முதன்மையான பயனை நம் முன்னோர் பெயரிலேயே வைத்துவிட்டார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. சங்கப் பாடல்களின் நெய்தல் திணையில் 'கண்டல் வேலி' என்ற தொடர் வருகிறது. ஊருக்கும் கழிக்கும் இடையில் கண்டல் மரங்களே வேலியாக நின்றதை அது காட்டுகிறது. இலங்கைத் தமிழர்கள் இன்றும் இதைக் கண்டல் காடு என்றே வழங்குகிறார்கள்.

உலகில் ஏறத்தாழ 70 வகை மரங்களும் செடிகளும் இந்தத் தொகுதியில் சேர்க்கப்படுகின்றன. இவை எல்லாம் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. வெவ்வேறு குடும்பங்களில் பிறந்து, உப்பையும் சேற்றையும் சமாளிக்கும் ஒரே வாழ்க்கையைத் தனித்தனியே கற்றுக்கொண்டவை.

பிச்சாவரம் எங்கே இருக்கிறது? அதற்கும் தில்லைக்கும் என்ன தொடர்பு?

கடலூர் மாவட்டத்தில், வடக்கே வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் தெற்கே கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் நடுவே, சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில், ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு திட்டுகளாகவும் அவற்றைப் பிரிக்கும் கால்வாய்களாகவும் இக்காடு அமைந்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் இது சேர்க்கப்பட்டது. சற்றே வடக்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் இருப்பதால், இந்தியாவில் நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் அலையாத்திக் காடுகளில் இதுவும் ஒன்றாகியிருக்கிறது.

சிதம்பரத்தின் பழைய பெயரான தில்லை, ஒரு அலையாத்தி மரத்தின் பெயர். நடராசர் கோயிலின் தலமரம் அதுவே. இன்று நகரத்துக்குள் தில்லைவனம் இல்லை. அம்மரத்தைக் காண வேண்டுமானால் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். அதன் கிளையை ஒடித்தால் வெண்மையான பால் வடியும். அது தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போய்விடும். ஆகவே, தில்லையைப் பார்த்து வணங்குபவர்கள் அதன் இலையைப் பறிக்காமலிருப்பது நல்லது.

உப்புநீர் பட்டால் மற்றப் பயிர்கள் கருகிவிடுகின்றன. இந்த மரங்கள் மட்டும் எப்படிப் பிழைக்கின்றன?

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நெல்வயலில் அந்த நீர் புகுந்தால் என்ன ஆகும் என்பதைக் கடலோர உழவர்களிடம் கேட்டால் தெரியும். அலையாத்தி மரங்கள் இந்த உப்பை இரண்டு வழிகளில் சமாளிக்கின்றன. சுரபுன்னை, தன் வேரிலேயே உப்பின் பெரும்பகுதியை வடிகட்டி வெளியே நிறுத்திவிடுகிறது. வெண்கண்டலோ ஓரளவு உப்பை உள்ளே விட்டு, பிறகு இலையிலுள்ள நுண்ணிய சுரப்பிகள் வழியாக வெளியேற்றிவிடுகிறது. மழையில்லாத நாளில், வெயில் ஏறிய பிறகு, ஒரு வெண்கண்டல் இலையைத் திருப்பிப் பாருங்கள்: பொடி உப்பைத் தூவியதுபோல் மணிமணியாக மின்னும். விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்த ஒரு துளிக் கரிப்பை நாவில் உணர்ந்த பின், மரம் என்பது சும்மா நின்றுகொண்டிருக்கும் பொருள் என்ற எண்ணம் எனக்கு அடியோடு போய்விட்டது.

உப்பைவிடக் கடினமானது மூச்சு. கழிமுகச் சேற்றில் சிறிது ஆழத்துக்குக் கீழே ஆக்சிஜன் இருப்பதில்லை. கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருவது அதனால்தான். வெண்கண்டல் தன் வேர்களிலிருந்து பென்சில் பருமனில் நூற்றுக்கணக்கான மூச்சு வேர்களை வானத்தை நோக்கி நிமிர்த்துகிறது. ஓதம் ஏறி அவை மூழ்கும்போது உள்ளேயிருக்கும் ஆக்சிஜன் செலவாகி அழுத்தம் குறைகிறது. நீர் வற்றியதும், வேரின் மேலுள்ள நுண்துளைகள் வழியாகப் புதிய காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. காடே ஓதத்தின் தாளத்தில் மூச்சு விடுகிறது என்று சொன்னால் அது மிகையாகாது. சுரபுன்னையின் முட்டு வேர்கள் வேறு வகை: நடுமரத்திலிருந்து வில்லாக வளைந்து இறங்கி, சேற்றில் ஊன்றிக்கொள்கின்றன. அதன் விதையும் தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காயைப்போல் நீண்டு தொங்கி, பிறகே விழுகிறது. உப்புச் சேற்றில் விதையாக விழுந்து முளைப்பது அரிது என்பதால், தாய்மரமே பிள்ளையை வளர்த்து அனுப்புகிறது.

2004-இல் சுனாமி வந்தபோது பிச்சாவரம் ஊர்களைக் காப்பாற்றியது என்பது உண்மையா?

ஆம், ஆனால் எந்த அளவுக்கு என்பதைக் கவனமாகச் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வு ஒன்றில், காட்டுக்கு முன்னால் கடலையொட்டி இருந்த ஊர்கள் முற்றிலும் அழிந்திருந்ததும், காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் அழிவின்றித் தப்பியதும், மரங்களின் மறைவு இல்லாத வடக்குப் பகுதியிலும் தெற்குப் பகுதியிலும் சேதம் ஏற்பட்டிருந்ததும் பதிவாகியுள்ளன. காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் தப்பியவர்களும், மரங்கள் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை என்றே சொல்லிவருகிறார்கள்.

இதற்கு மாற்றுக் கருத்தும் உண்டு. காட்டுக்குப் பின்னாலுள்ள ஊர், இயல்பாகவே கடலிலிருந்து தொலைவிலும் சற்று மேட்டிலும் இருக்கும். ஆகவே காத்தது மரமா, தொலைவா, மேடா என்று பிரித்தறிவது எளிதன்று என வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்தக் கேள்வி நியாயமானது. ஆயினும் ஓதநீர் அடர்ந்த வேர்களுக்குள் நுழையும்போது வேகம் இழப்பது கண்ணெதிரே நடப்பது. கால்வாயில் படகை இழுக்கும் நீரோட்டம், பத்தடி தள்ளி வேர்களுக்கிடையே அசைவற்று நிற்பதைப் பார்க்கலாம். காற்றலைகளை, அதாவது காற்று எழுப்பும் சாதாரணக் கடலலைகளை, அளந்து பார்த்ததில், 100 மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைப்பதாகத் தெரியவந்துள்ளது. சுனாமி அலை காற்றலையைவிட மிகப் பெரியது. அதற்கு அகலமான, அடர்ந்த காடு வேண்டும். மிகப் பெரிய அலை வந்தால் காடே பெயர்ந்துபோகவும் கூடும். எனவே எச்சரிக்கை மணியும் மேட்டுக்குப் போகும் பாதையும் எப்போதும் தேவை. காடு அவற்றுக்குத் துணை, மாற்று அன்று.

புயலைப் பொறுத்தவரை சான்று இன்னும் வலுவானது. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலுக்குப் பின் கேந்திரபாரா மாவட்ட ஊர்களின் இறப்புகளை ஒப்பிட்டு, தொலைவு, உயரம் போன்றவற்றையும் கணக்கில் கொண்டு செய்த ஆய்வு, கடலுக்கும் ஊருக்கும் இடையே அகலமான அலையாத்திக் காடு இருந்த இடங்களில் இறப்பு குறைந்திருந்ததைக் காட்டியது. காட்டுக்கும் அதற்கான விலை உண்டு: 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது, தமிழ்நாட்டின் மற்றொரு பெரிய அலையாத்திக் காடான முத்துப்பேட்டையில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன.

அப்படியானால் கடற்கரை முழுவதும் இதையே நட்டுவிடலாமே?

முடியாது. அலை நேரடியாக மோதும் திறந்த மணற்கரையில் இவை வேர் பிடிக்காது. அவற்றுக்குச் சேறும், அமைதியான நீரும், இடையிடையே நன்னீர் வரத்தும் வேண்டும். மணற்கரைகளில் வனத்துறை சவுக்கை நட்டுவந்திருக்கிறது. அதற்கும் ஓரளவு பலன் உண்டு. ஆனால் பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரையில் நீரோரம் வரை சவுக்கை நெருக்கி நட்டால் ஆமைக்கு இடமில்லாமல் போய்விடும். மணல்மேடுகளையும் அவற்றின் மேல் படரும் அடப்பங்கொடியையும் அப்படியே விட்டுவைப்பதே பல இடங்களில் சிறந்த பாதுகாப்பு என்பது என் கருத்து.

மீன்பிடித் தொழிலுக்கு இக்காட்டால் என்ன பயன்?

நம் வீட்டுக்கு வரும் இறாலின் பிறப்பிலிருந்து தொடங்கலாம். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஓதத்தோடு கழிமுகத்துக்குள் வந்து, வேர்களுக்கிடையே பெரிய மீன்கள் நுழைய முடியாத இடத்தில் ஒளிந்து, அங்கே கிடைப்பதைத் தின்று வளர்ந்து, பிறகு முட்டையிடும் பருவத்தில் மீண்டும் கடலுக்குப் போகின்றன. கொடுவாயும் மடவையும் தங்கள் இளம்பருவத்தை இத்தகைய கழிகளில்தான் கழிக்கின்றன. நடுக்கடலில் வலை வீசுகிற ஒருவர் பிச்சாவரத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராமல் இருக்கலாம். அவருடைய வலையில் விழுவதில் ஒரு பங்கு இந்தச் சேற்றில் வளர்ந்தது.

அவற்றுக்கு இங்கே உணவு எது? உதிரும் இலைதான். புதிதாக விழுந்த இலையை நண்டுகள் வளைக்குள் இழுத்துச் சென்று கொறிக்கின்றன. மிச்சத்தில் பூஞ்சையும் நுண்ணுயிரும் படர்கின்றன. அப்படி ஊறிப் பொடிந்த துகளை இறால் குஞ்சும் சிறு மீனும் உண்கின்றன. வெறும் சருகு, சில வாரங்களில் சத்துள்ள இரையாகிவிடுகிறது. நண்டு வளைகள் வழியாகச் சேற்றுக்குள் காற்றும் நீரும் புகுவதால் மரமும் பயனடைகிறது.

பிச்சாவரத்தை ஒட்டி வாழும் இருளர் மக்களில் பலர் வலையோ படகோ இல்லாமல் கைகளாலேயே இறால் பிடிக்கிறார்கள். ஆணும் பெண்ணும் ஆழமில்லாத நீரில் குந்தியபடி நகர்ந்து, சேற்றைத் துழாவி, சிக்கிய இறாலைப் பல்லால் கவ்வியிருக்கும் பனையோலைப் பறிக்குள் போடுகிறார்கள். முதலீடு ஒரு பைசாவும் இல்லாத அந்தத் தொழில், காடு நன்றாக இருக்கும்வரைதான் நடக்கும். காடு மெலிந்தால் முதலில் அடி வாங்குவது அவர்களுடைய அன்றைய உலை.

தாவரங்களின் முதன்மையான பயன் ஆக்சிஜன் தருவதல்லவா?

ஒளிச்சேர்க்கையின்போது ஆக்சிஜன் வெளியாவது உண்மை. பூமியின் காற்றில் அது சேர்ந்ததே கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலிலும் நிலத்திலும் நடந்த ஒளிச்சேர்க்கையால்தான். ஆனால் முதிர்ந்த ஒரு காடு தான் வெளியிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ முழுவதையும் தன் மூச்சுக்கும், உதிர்ந்தவை மட்குவதற்கும் செலவிட்டுவிடுகிறது. 'ஒரு மரம் இத்தனை பேருக்கு மூச்சுக்காற்று' என்ற விளம்பர வாசகங்களை அதனால் நான் பயன்படுத்துவதில்லை.

அலையாத்திக் காட்டின் தனிச்சிறப்பு கார்பனில் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் இலையும் வேரும் முழுவதும் மட்காமல் தங்கிவிடுவதால், காற்றிலிருந்து எடுக்கப்பட்ட கார்பன் நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. இந்திய, பசிபிக் பெருங்கடல் பகுதிகளின் அலையாத்திக் காடுகளை அளந்து 2011-இல் வெளியான ஆய்வில், ஒரு ஹெக்டேருக்குச் சராசரியாக 1,000 டன்னுக்கு மேல் கார்பன் இருப்பது தெரிந்தது; அதில் பெரும்பகுதி மரத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. காட்டை அழித்துச் சேற்றைத் தோண்டினால் அந்தச் சேமிப்பு மீண்டும் காற்றுக்குப் போய்விடும்.

ஆற்று நீர் கடலில் கலப்பது வீண்தானே?

ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது இந்த வாசகத்தைக் கேட்கிறோம். காவிரிப் படுகையின் உழவர்களின் தண்ணீர்த் தவிப்பை அறிந்தவன் என்ற முறையில், அதைச் சொல்பவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆயினும் இதை நான் உறுதியாக மறுக்கிறேன். அலையாத்தி மரங்கள் உப்பைத் தாங்குபவையே தவிர, உப்பை விரும்புபவை அல்ல. ஆண்டில் சில மாதங்களாவது நன்னீர் வந்து சேற்றின் உப்பைக் கழுவிவிட்டால்தான் நாற்று பிழைக்கும், மரம் உயரும், இறால் குஞ்சு பெருகும். ஆற்றோடு வரும் வண்டலே காட்டின் தரை. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதற்கும், அதன்பின் மேலே பல அணைகள் எழுந்ததற்கும் தக்க காரணங்கள் உண்டு; ஆனால் கழிமுகத்துக்கு வரும் நன்னீர், பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தோடு சுருங்கிப்போனது அதன் விளைவு. நீர் குறையக் குறைய, பலவகை மரங்கள் நின்ற இடத்தில் உப்பை மிகுதியாகத் தாங்கும் வெண்கண்டலே மிஞ்சுகிறது. முத்துப்பேட்டைக் காடு ஏறத்தாழ முழுவதும் வெண்கண்டலாகவே இருப்பதைப் பார்த்தால் இது விளங்கும். கடலில் கலக்கும் நீரில் ஒரு பங்கு, மீனவரின் பாசன நீர்.

காடு எப்படிக் குறைந்தது?

ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை, காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பகுதியை முழுவதும் விறகுக்காக வெட்டும் முறை இருந்தது. வெட்டினால் தானே தழைத்துவிடும் என்று எண்ணினார்கள். நடந்தது வேறு. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து, சுருங்கி, தட்டுபோல் நடுவில் பள்ளமானது. ஓதம் ஏறும்போது அந்தப் பள்ளத்தில் புகுந்த கடல்நீர், இறங்கும்போது வெளியேற வழியில்லாமல் தேங்கி வற்றி, உப்பு மேலும் மேலும் ஏறியது. கடைசியில் உப்புக்குப் பழகிய கண்டலே முளைக்க முடியாத வெற்றிடங்கள் காட்டின் நடுவே உண்டாயின.

1990-களில் கடலோரமெங்கும் பெருகிய இறால் பண்ணைகள் அடுத்த அடி. அவை வெளியேற்றிய கழிவுநீரும், விளைநிலத்திலும் குடிநீரிலும் ஏறிய உப்பும் பெரும் போராட்டத்துக்குக் காரணமாயின. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது சட்டப்படி கட்டுப்பாடுகள் உள்ள கடற்கரைப் பகுதிக்குள், இருந்த பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது.

வெட்டவெளியான இடங்களை எப்படி மீட்டார்கள்?

வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் 1990-களில் ஊர் மக்களோடு சேர்ந்து செய்த வேலை இது. பள்ளத்தில் நீர் தேங்குவதுதான் நோய் என்று கண்டபின், மருந்து எளிதாயிற்று: ஒரு பெரிய வாய்க்காலை வெட்டி இயற்கைக் கால்வாயோடு இணைத்து, அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களை வெட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் மீனின் முள்ளைப்போல் இருப்பதால் மீன்முள் வாய்க்கால் என்று பெயர். ஓதநீர் நாள்தோறும் உள்ளே வந்து வெளியேறத் தொடங்கியதும் மண்ணின் உப்பு குறைந்தது. அதன் பிறகே வாய்க்கால் சரிவுகளில் நாற்றை ஊன்றினார்கள். மக்களே வாய்க்காலைத் தூர்வாரிக் காத்த இடங்களில் காடு திரும்பியது.

பள்ளி, கல்லூரி, நிறுவனங்கள் சார்பில் அலையாத்தி நாற்று நடலாமா?

நடலாம், ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இங்கே ஏன் தானாக முளைக்கவில்லை?" என்பது. ஓதம் சீராக வந்துபோகும் இடத்தில், பக்கத்தில் தாய்மரம் இருந்தால், நீரில் மிதந்து வரும் விதைகளே ஊன்றிக்கொள்ளும். வரவில்லையென்றால், நீர் தடைப்பட்டிருக்கிறது, மாடுகள் மேய்ந்துவிடுகின்றன, அல்லது அந்தத் தரை மரத்துக்கு ஏற்றதன்று. காரணத்தைச் சரிசெய்யாமல் நட்ட நாற்றுகள் பெரும்பாலும் அடுத்த கோடைக்குள் பட்டுப்போகின்றன. எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் சேற்றுப்பரப்பிலும் கடற்புல் வளரும் இடத்திலும் வரிசை வரிசையாகச் சுரபுன்னைக் குச்சிகளை ஊன்றுவது இன்னும் தவறு. அங்கே ஏற்கெனவே வேறோர் உயிர்ச்சூழல் இருக்கிறது. ஒரு நாள் நடுவதற்குச் செலவிடும் பணத்தில் பத்து முறை வாய்க்கால் தூர்வார உதவினால் பலன் மிகுதி என்பதே என் வேண்டுகோள்.

தமிழ்நாட்டில் இப்போது எவ்வளவு அலையாத்திக் காடு இருக்கிறது?

2021-ஆம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கையின்படி நாடு முழுவதும் 4,992 சதுர கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 45 சதுர கிலோமீட்டர். ஆயிரம் கிலோமீட்டர் நீளக் கடற்கரைக்கு இது மிகச் சிறிய பரப்பு. ஒவ்வொரு ஏக்கரும் கணக்கில் வருகிறது.

நேரில் போனால் எப்போது போவது, எதைப் பார்ப்பது?

மழைக்காலம் முடிந்தபின், தை, மாசி மாதங்களில் போவது நல்லது. பறவைகளும் மிகுதியாக இருக்கும். சுற்றுலாப் படகுத்துறையில் துடுப்புப் படகைத் தேர்ந்தெடுங்கள். மோட்டார் ஒலியில் எதுவும் கேட்காது. ஓதம் இறங்கும் நேரமாகப் பார்த்துப் போனால் வேர்கள் முழுவதும் வெளியே தெரியும். படகோட்டியிடம் கேட்டு, ஒரு வெண்கண்டல் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். தில்லை எது என்றும் கேளுங்கள். அடர்ந்த சுரபுன்னைக் கால்வாய்களைக் கடந்து திரும்பும் வழியில், திடீரென்று நேர்கோடாக வெட்டிய ஒரு வாய்க்காலும், அதன் இருகரைகளிலும் ஒரே உயரத்தில் நிற்கும் வெண்கண்டல் வரிசையும் கண்ணில் படக்கூடும். படகை அங்கே சற்று நிறுத்தச் சொல்லுங்கள். ஒருகாலத்தில் உப்புப் பூத்த வெறுந்தரையாகக் கிடந்து, மண்வெட்டியோடு வந்த ஊர் மக்களால் திரும்பிய காடு அது.